ஆய்வகச் சீட்டு சொல்வதெல்லாம் வேதவாக்கா?
அமெரிக்க ஹெம்ப் விவசாயி பட்ட பாடு, நமக்கும் ஒரு பாடம்



பால் சொசைட்டியில் பாலை ஊத்திட்டு, மெஷின் என்ன காட்டுதோன்னு பார்த்துக்கிட்டு நிற்கிறோம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிட்டு, ஈரப்பதம் 17-க்குள்ள வரணுமேன்னு சாமியை வேண்டிக்கிட்டு நிற்கிறோம். ஆலைக்குக் கரும்பை அனுப்பிட்டு, பிழிதிறன் எவ்வளவுன்னு ஆலை சொல்ற வரைக்கும் காத்துக் கிடக்கிறோம். வெயிலிலும் மழையிலும் பாடுபட்டு விளைய வைக்கிறது நாம. அதுக்கு மதிப்பு போடுறது மட்டும் ஒரு மெஷின், ஒரு சீட்டு, ஒரு எண்.

"ஏங்க, இது சரியா இருக்கா?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது. "மெஷின் பொய் சொல்லுமா?"

மெஷின் பொய் சொல்லாது. ஒத்துக்கிறோம். ஆனால் மெஷினுக்குள்ள எதைப் போட்டீங்க, எப்ப போட்டீங்க, வந்த எண்ணை வச்சு எப்படிக் கணக்குப் போட்டீங்க? இதைக் கேட்கும் உரிமை விவசாயிக்கு உண்டா, இல்லையா? இதுதான் நமது கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. டிராக்டரும் ஏக்கர் கணக்கில் நிலமும் வச்சிருக்கிற அமெரிக்க விவசாயிக்கே வந்தது. ஒரு ஆய்வகச் சீட்டில் இருந்த புள்ளிக்கு அப்புறமான ஓர் எண்ணால், விளைஞ்சு நின்ன பயிரைத் தன் கையாலேயே அழிச்சாங்க. அந்தக் கதையை நாம் தெரிஞ்சுக்கணும்.

ஹெம்ப் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஹெம்ப் என்பது நாம் பசுந்தாள் உரத்துக்கு விதைச்சு மடக்கி உழும் சணப்பு அல்ல. கோணிப்பை செய்யும் சணலும் அல்ல. ஹெம்ப் கஞ்சா இனத்துச் செடியேதான். அதில் போதைச் சத்து மிகக் குறைவாக உள்ள ரகங்களுக்கு அந்தப் பேர். நாருக்கும், விதைக்கும், பூவிலிருந்து எடுக்கும் சி.பி.டி. என்ற மருந்துச் சத்துக்கும் பயிரிடுறாங்க. சி.பி.டி. போதை தராது. வலிப்பு நோய்க்கு அதிலிருந்து செய்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்துக்கு 2018-ல் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. போதை தருவது டி.எச்.சி. என்ற வேறொரு சத்து. இரண்டும் ஒரே பூவில்தான் இருக்கும்.

2018 டிசம்பரில் அமெரிக்காவின் பண்ணைச் சட்டம் ஹெம்பைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை. காய்ந்த எடையில் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் அது ஹெம்ப் இல்லை, கஞ்சா!

சட்டம் வந்ததும் சோளமும் புகையிலையும் போட்டுக் கட்டுப்படியாகாமல் தவித்தவர்கள் கடன் வாங்கி ஹெம்ப் போட்டாங்க. கன்று விலை, களை, அறுப்பு, காயவைக்கும் கொட்டகை என்று எல்லாச் செலவும் செய்து முடித்த பிறகு அறுப்புக்கு முந்தி ஆய்வகச் சீட்டு வரும். 0.3-க்குள்ள இருந்தா பணம். 0.4-ன்னு வந்தா அழிக்கணும். இப்படித் தப்பிப் போன பயிருக்கு அங்கே "சூடான பயிர்"-னு பேரு. சூடு பட்டது யாருக்கு? விவசாயிக்கு!

அந்த 0.3 எங்கிருந்து வந்தது?

இந்த எண் ஏதோ இதுக்கு மேல போனா போதை ஏறும் என்று சோதித்துப் பார்த்து வைத்தது என்று நினைக்காதீங்க. 1976-ல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் கஞ்சாச் செடி வகைகளைப் பிரித்துப் பெயர் வைத்தாங்க. எங்காவது ஒரு கோடு போட வேண்டுமே என்று 0.3-ல் போட்டாங்க. அதுவும் இளம் இலையை வைத்து எடுத்த கணக்கு. செடிக்குப் பேர் வைக்கப் போட்ட அந்தக் கோடு பின்னாளில் சட்டமாகி, விவசாயியின் வயலில் முளைக்குச்சி அடித்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 0.2 என்று வைத்திருந்து 2023-லிருந்து 0.3 ஆக்கியது. சுவிட்சர்லாந்தில் 1 சதவீதம் வரை போகலாம். செடி ஒண்ணுதான். எல்லை தாண்டினால் குற்றம் மாறிப் போகிறது.

எண்ணை மாற்றும் நாலு சங்கதிகள்

ஒன்று: எந்தப் பகுதியை வெட்டினாங்க? சத்து எல்லாம் பூவில்தான். தண்டில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. முழுச் செடியை அரைத்துச் சோதித்தால் ஓர் எண் வரும். உச்சிப் பூவை மட்டும் கிள்ளிச் சோதித்தால் அதைவிட மிக அதிகமாக வரும். அமெரிக்க வேளாண் துறையின் விதியோ உச்சியிலிருந்து 5 முதல் 8 அங்குலம் வெட்டச் சொல்கிறது. நெல் மூட்டையில் நனைஞ்ச ஓரத்தில் மட்டும் குத்தூசி போட்டு ஈரம் பார்த்தா நாம ஒத்துக்குவோமா?

இரண்டு: எந்த நாளில் வெட்டினாங்க? பூ முற்ற முற்ற சி.பி.டி. ஏறும். கூடவே டி.எச்.சி.யும் ஏறும். சி.பி.டி. ரகங்களில் ஏறத்தாழ 20 முதல் 30 பங்கு சி.பி.டி.க்கு ஒரு பங்கு டி.எச்.சி. கூடவே வரும். பூவில் 10 சதவீதம் சி.பி.டி. விளைந்தால் டி.எச்.சி. 0.3-ஐத் தாண்டித்தான் தீரும். அதாவது, விளைச்சல் நல்லா வந்ததே குற்றம்! "தண்ணி தேங்கிடுச்சு, நோய் தாக்கிடுச்சு, அதனாலதான் எண் ஏறிடுச்சு" என்று பல பேர் நினைச்சாங்க. கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வயலில் தண்ணீர் தேக்கியும், செடியைக் காயப்படுத்தியும், களைக்கொல்லி தெளித்தும் பார்த்து 2021-ல் முடிவை வெளியிட்டாங்க. அதனால் எல்லாம் பெரிதாக மாறவில்லை. ரகமும் முற்றலும்தான் முக்கியக் காரணம். விதை வித்தவன் கொடுத்த வாக்குறுதிக்கு, வாங்கினவன் தண்டனை அனுபவிச்சான்.

மூன்று: எந்த முறையில் சோதித்தாங்க? பச்சைச் செடியில் டி.எச்.சி. நேரடியாக இருப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி டி.எச்.சி. அமிலமாக இருக்கும். இந்த அமிலம் போதை தராது. சூடு பட்டால்தான் டி.எச்.சி.யாக மாறும். ஆய்வகத்தில் இரண்டு வகை மெஷின் உண்டு. வாயு முறை மெஷின் மாதிரியைச் சூடாக்கித்தான் உள்ளே அனுப்பும். அமிலம் அங்கேயே மாறிவிடும். திரவ முறை மெஷின் சூடாக்காது. அமிலத்தைத் தனியாகவும் டி.எச்.சி.யைத் தனியாகவும் காட்டும். ஒரே பூவை இரண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒருவர் 0.05 என்பார், இன்னொருவர் 0.40 என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை!

எப்படி? கணக்கைப் பாருங்க. திரவ முறைச் சீட்டில் டி.எச்.சி. 0.05, அமிலம் 0.40 என்று இருக்கிறது. அமிலம் சூடுபட்டு மாறும்போது கரியமில வாயு பிரிந்து போவதால் எடை குறையும். 100 பங்கு அமிலம் 87.7 பங்காகும். அதனால் 0.40-ஐ 0.877-ஆல் பெருக்கினால் 0.35. அதோடு 0.05-ஐக் கூட்டினால் 0.40. இதுதான் "மொத்த டி.எச்.சி." பண்ணைச் சட்டத்தில் எல்லை என்று எழுதியிருந்தது டெல்டா-9 டி.எச்.சி. சதவீதம் மட்டும். சோதிக்கும் முறையைச் சொல்லும் வேறொரு வரியில்தான் சூடாக்கிய பின் உள்ள அளவு என்ற பேச்சு இருந்தது. 2019 அக்டோபரில் வேளாண் துறை இடைக்கால விதி கொண்டுவந்து, அமிலத்தையும் சேர்த்துத்தான் கணக்கு என்றது. சீட்டில் முதல் வரியைப் பார்த்து நிம்மதியா இருந்தவன், கடைசி வரியைப் பார்த்து இடிஞ்சு போனான்.

நான்கு: ஈரத்தோடா, காய்ந்த பிறகா? பச்சைப் பூவில் நூற்றுக்கு 75 பங்கு தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள். பச்சையில் 0.1 என்று வந்தால், காய்ந்த எடைக்கு அது 0.4. எந்த எடைக்குப் போட்ட கணக்கு என்று சீட்டில் எழுதவில்லையென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஈரப்பதம் பத்தி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். நெல் போட்டவனுக்குத் தெரியும்.

எண்ணெய் எடுத்த பிறகு வந்த வினை

செடி தப்பித்தாலும் வேலை முடியவில்லை. பூவிலிருந்து சாராயத்தையோ அழுத்தப்பட்ட கரியமில வாயுவையோ கொண்டு சத்தை இறக்கி எண்ணெய் எடுப்பாங்க. இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. சட்டப்படி சுத்தமான ஹெம்பிலிருந்து எடுத்த எண்ணெய், சோதனையில் கஞ்சாவாக வந்து நின்றது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கருப்பஞ்சாற்றைக் காய்ச்சினால் தண்ணி போகும், இனிப்பு திரளும். அதுபோலத்தான். 100 கிலோ காய்ந்த பூவில் 9 கிலோ சி.பி.டி., 300 கிராம் டி.எச்.சி. இருக்கிறது. சக்கையைக் கழித்து 16, 17 கிலோ எண்ணெய் எடுக்கிறோம். சி.பி.டி. 54 சதவீதம் ஆகிறது. டி.எச்.சி.யும் அதே ஆறு மடங்கு ஏறி 1.8 சதவீதம் ஆகிறது. யாரும் எதையும் கலக்கவில்லை. ஆனால் 2020 ஆகஸ்டில் அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்பு, 0.3-ஐத் தாண்டும் எண்ணெய் தடை செய்யப்பட்ட பொருள் என்று விதி வெளியிட்டது. பிறகு கலக்கிக் குறைப்பதற்காகப் பாதி வேலையில் இருக்கும் எண்ணெயும் அதில் மாட்டிக்கொண்டது.

முதல் சீட்டில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்த சத்து எண்ணெயில் எப்படி முளைக்கிறது? "கண்டறியப்படவில்லை" என்றால் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. அந்த மெஷின் பிடிக்கக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்றுதான் அர்த்தம். திரட்டினால் தலைகாட்டும்.

இன்னொன்று, எண்ணெய் சும்மா இருக்காது. சூட்டில் வைத்தால் அமிலம் டி.எச்.சி.யாக மாறும். வெளிச்சமும் காற்றும் பட்டால் டி.எச்.சி. சிதைந்து சி.பி.என். என்ற வேறு சத்தாகும். சீட்டில் சி.பி.என். எதிர்பாராமல் அதிகம் வந்தால், சரக்கு பழசு, அல்லது வைத்த இடம் சரியில்லை என்று சந்தேகப்படணும். ஆடியில் எடுத்த சீட்டும் தையில் எடுத்த சீட்டும் ஒத்துப்போகவில்லையென்றால் உடனே திருட்டு என்று சொல்லிவிட முடியாது.

உண்மையான தில்லுமுல்லும் உண்டு. சி.பி.டி. விலை விழுந்ததும், தேங்கிக் கிடந்த சி.பி.டி.யை அமிலம் விட்டு மாற்றி டெல்டா-8 டி.எச்.சி. என்ற போதைச் சரக்காக்கி விற்றாங்க. அந்த வேலையில் டெல்டா-9-உம், பேர் தெரியாத பலதும் சேர்ந்தே உருவாகும். மெஷின் வரையும் கோட்டில் டெல்டா-8-ம் டெல்டா-9-ம் அடுத்தடுத்த மேடுகள். அவசரத்தில் ஓட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மேடாகத் தெரியும். எதை எதன் பேரில் எழுதுவது? 2021-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே டெல்டா-8 சரக்கைப் பற்றி மக்களை எச்சரித்தது. அதற்கு முன்பே, 2017-ல் ஜாமா மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களை வாங்கிச் சோதித்ததில் 26 மட்டுமே லேபிளில் சொன்ன அளவோடு ஒத்துப்போனது. 18-ல் டி.எச்.சி. இருந்தது.

ஆகவே ஆய்வகமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோதனை இல்லாவிட்டால் ஏமாற்றுக்காரன் பிழைப்பான், நேர்மையானவன் கெட்டுப்போவான். தனக்குச் சாதகமான எண் தரும் ஆய்வகத்தைத் தேடிப் போகிற விற்பனையாளர்களும் அங்கே இருந்தார்கள். நாம் சொல்வது இதுதான்: சோதனை நடக்கட்டும், ஆனால் அது வெளிச்சத்தில் நடக்கட்டும்!

கூட்டல் கழித்தல் குறி எங்கே?

எந்த அளவையிலும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். நல்ல ஆய்வகம் அதை மறைக்காது. 0.35 என்று வந்தால், கூட்டல் கழித்தல் 0.06 என்று பக்கத்திலேயே எழுதும். அப்படியென்றால் உண்மை அளவு 0.29-க்கும் 0.41-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் 0.3 வந்துவிடுவதால் அமெரிக்க விதிப்படி அந்தப் பயிர் தேறிவிடும். சந்தேகத்தின் பலன் விவசாயிக்கு! ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறுவதை அந்நாட்டு அரசே உணர்ந்து, நிஸ்ட் என்ற அளவை நிறுவனத்தின் மூலம் 2020-லிருந்து ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டத்தை நடத்தியது.

நம்ம ஊரில் எந்தச் சீட்டிலாவது இந்தக் கூட்டல் கழித்தல் குறியைப் பார்த்திருக்கிறோமா?

கேட்டதால் கிடைத்தது

2019 விதி வந்ததும் அமெரிக்க விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் அரசுக்கு எதிர்ப்பை எழுதி அனுப்பினாங்க. 2021 ஜனவரியில் இறுதி விதி வந்தபோது சிலது மாறியது. மாதிரி எடுத்து 15 நாளில் அறுத்தாகணும் என்றது 30 நாள் ஆனது. 0.5-ஐத் தாண்டினால் விவசாயியின் அலட்சியம் என்று பதிவாகும் என்றது 1.0 ஆனது. சூடான பயிரை வயலிலேயே மடக்கி உழவோ, பூவை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தவோ, முழுச் செடியையும் அரைத்து மறுபடி சோதிக்கவோ வழி கிடைத்தது.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. 0.3 அப்படியே நின்றது. அமிலத்தைச் சேர்க்கும் கணக்கும் நின்றது. சி.பி.டி. விலையும் சரிய, திறந்த வெளியில் 2021-ல் சுமார் 54 ஆயிரம் ஏக்கரில் இருந்த ஹெம்ப் 2022-ல் சுமார் 28 ஆயிரம் ஏக்கராகச் சுருங்கியது. 2025 நவம்பரில் வந்த சட்டம் மொத்த டி.எச்.சி. கணக்கைச் சட்டத்திலேயே எழுதி, கடையில் விற்கும் பொருளில் ஒரு டப்பாவுக்கு 0.4 மில்லிகிராம் என்ற உச்சவரம்பும் வைத்து, ஓராண்டு கழித்து அமலாகும் என்றது. எண் மறுபடியும் நகர்ந்தது. அதை நகர்த்தினவர்கள் யாரும் வயலில் நிற்பவர்கள் அல்ல.

நம் பக்கம் திரும்புவோம்

முதலில் ஓர் எச்சரிக்கை. "ஹெம்ப் போடுங்க, லட்சம் லட்சமா வரும்"னு சொல்லிக்கிட்டு யாராவது விதை விக்க வந்தா நம்பாதீங்க. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் வளர்ப்பது குற்றம். நாருக்கும் விதைக்கும் அனுமதிக்க அதே சட்டத்தின் 14-வது பிரிவில் இடம் உண்டு. அதை வைத்து 2018-ல் உத்தரகாண்ட் உரிமம் கொடுத்தது. அங்கேயும் அதே 0.3 தான். ரகமும் ஆய்வகமும் உரிமமும் இல்லாமல் இறங்கினால் பயிரும் போகும், ஆளும் உள்ளே போவான்.

நமக்கு அந்தப் பயிர் முக்கியமில்லை, அந்தப் பாடம்தான் முக்கியம். கரும்பை எடுங்க. 2025-26 அரவைப் பருவத்துக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 355 ரூபாய் என்றது 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு. 0.1 குறைந்தால் 3 ரூபாய் 46 காசு குறையும். அதாவது டன்னுக்கு 34 ரூபாய் 60 காசு. 9.5-க்குக் கீழே போனால் அதற்குமேல் குறைக்க மாட்டாங்க. புள்ளிக்கு அப்புறம் உள்ள ஓர் எண் நம்ம வீட்டுக் கல்யாணச் செலவைத் தீர்மானிக்குது. அந்த எண் உருவாகிற இடத்தில் நாம் இருக்கிறோமா? பாலிலும் இதே கதை. நம் உறுப்பினர் ஒருவர் ஒரே கறவைப் பாலை இரண்டு இடத்தில் சோதித்தார். இரண்டு இடத்திலும் வேறு வேறு கொழுப்பு. விலை மட்டும் குறைந்த எண்ணுக்குத்தான் கிடைத்தது.

இன்னொரு விஷயம் கேளுங்க. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதிகாரி கடையில் உணவு மாதிரி எடுத்தால், அதை நான்காகப் பிரித்து முத்திரை வைக்கணும். கடைக்காரர் கேட்டால் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பணும். வியாபாரிக்கு அந்த உரிமை இருக்கு. பாலைக் கறந்து ஊத்துற நமக்கு ஏன் இல்லை?

எனவே நாம் கோருகிறோம்:

1. பால், நெல், கரும்பு எதுவானாலும் மாதிரி எடுப்பதும் சோதிப்பதும் விவசாயியின் கண் முன்னால் நடக்க வேண்டும். கரும்பு ஆலையின் பிழிதிறன் சோதனையில் விவசாயிகளின் பிரதிநிதி இருக்க வேண்டும்.

2. தகராறு வந்தால் மாதிரியைப் பிரித்து முத்திரை வைத்து, ஒரு பங்கை விவசாயியிடம் கொடுக்க வேண்டும்.

3. சீட்டில் எண் மட்டும் போதாது. எப்போது, எந்த முறையில், எந்த மெஷினில் எடுத்தது, எவ்வளவு முன்னே பின்னே வரலாம் என்பதும் தமிழில் இருக்க வேண்டும்.

4. மெஷினைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

5. வாங்குபவரும் விற்பவரும் சாராத மூன்றாம் ஆய்வகத்தில் மறுசோதனை செய்ய உரிமை வேண்டும். சந்தேகத்தின் பலன் விவசாயிக்கே சேர வேண்டும்.

விவசாயப் பெருமக்களே! இது பெரிய படிப்பு படிச்சவங்க விஷயம்னு ஒதுங்காதீங்க. 0.877 கணக்கை நாம் இப்பத்தானே போட்டோம்? நாளைக்குக் காலையில் பால் ஊத்தப் போகும்போது சீட்டைக் கேட்டு வாங்குங்க. வாங்கின சீட்டைத் தூக்கிப் போடாம ஆணியில் குத்தி வையுங்க. ஒரு மாசச் சீட்டு பத்துப் பேரிடம் இருந்தால் அதுவே ஆதாரம். அடுத்த கிராம சபைக்கு அந்தச் சீட்டுகளோடு வந்து, மேலே சொன்ன ஐந்தையும் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்க. தனியாக் கேட்டா "மெஷின் பொய் சொல்லுமா"ம்பாங்க. ஊரே கேட்டா மெஷினைத் திறந்து காட்டித்தான் ஆகணும்!

விளைய வைப்பவனுக்கே அளவு கேட்கும் உரிமை!
உழவர் ஒற்றுமை ஓங்குக!